சாயங்காலம் மாறும் கால், மாறாத சாக்கெட்

மெக்கானிக்கல் படிக்கிற தம்பி தங்கைகளுக்காக இந்த த்ரெட். வீட்டில் யாராவது செயற்கைக் கால் போட்டிருந்தால் உங்களுக்கும்தான். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

கேட் மென்பொருளில் ஒரு ஸ்பிரிங் வரையறீங்க. தனியா கிடக்கும்போது நீளம் 50 மி.மீ. அசெம்பிளிக்குள் போனால் அமுங்கி 35 ஆகணும். மென்பொருள் தானா அதை அமுக்காது. ஸ்பிரிங் இரும்புத் துண்டு மாதிரி 50-லேயே நிற்கும், பக்கத்துப் பாகத்துக்குள் புகுந்துடும். இதுக்குத்தான் கிரியோவில் ஃபிளெக்ஸிபிள் பாகம்னு ஒரு வசதி வச்சிருக்காங்க. சாலிட்வொர்க்ஸில் 2020 பதிப்பில் வந்தது. பாகப் பட்டியலில் ஒரே பாகம், ஒரே எண். பொருந்துற இடத்தைப் பொறுத்து உருவம் மட்டும் மாறும்.

இதில் டாக்டருக்கு என்ன வேலை?

முழங்காலுக்குக் கீழே கால் எடுத்தவருக்கு, மிச்சக் காலை ஸ்கேன் பண்ணி, அதுக்கு மேல் சாக்கெட் வரையறாங்க. இதுவும் ஒரு அசெம்பிளிதான். இதில் வளையுற பாகம் பிளாஸ்டிக் இல்லை, சதை. ஆனா திரையில் பாருங்க, சதை கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கும்.

கால் எடுத்த முதல் சில மாதங்களில் அந்த மிச்சக் கால் வேகமா சுருங்கும். நிலைக்கு வர ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகலாம். ஒரே நாளிலும் காலையில் இருக்கும் அளவு சாயங்காலம் இருக்காது. டயாலிசிஸ் போறவங்களுக்கு இன்னும் மோசம். கால் சுருங்கினால் சாக்கெட்டுக்குள் கீழே இறங்கும், எலும்பு முனை போய் இடிக்கும். கம்மாபுரம் பக்கம் வரப்பில் நடந்து பிழைக்கிற, சுகரால் உணர்ச்சி மரத்துப்போன ஒருத்தருக்கு அது வலிக்கவே வலிக்காது. புண்ணு வச்சு, சீழ் பிடிச்ச பிறகுதான் தெரியும். அப்புறம் முழங்காலுக்கு மேலே எடுக்கணும். முழங்கால் இருக்கிறவர் நடக்கிறதுக்கும் இல்லாதவர் நடக்கிறதுக்கும் எவ்வளவு வித்தியாசம்னு பக்கத்தில் இருந்து பார்த்தவங்களுக்குத் தெரியும்.

பழைய கைவேலைக்காரங்களுக்கு இது புரிஞ்சிருந்தது. பிளாஸ்டர் அச்சு எடுத்ததும் அப்படியே சாக்கெட் வார்க்க மாட்டாங்க. முழங்கால் சிப்பிக்குக் கீழே இருக்கும் தசைநார் பாரம் தாங்கும், அங்கே அச்சைச் சுரண்டுவாங்க. வெளிப்பக்க எலும்புத் தலை தாங்காது, அங்கே பிளாஸ்டர் ஏத்துவாங்க. சதை எங்கே எவ்வளவு அமுங்கும்ங்கிற கணக்கு அந்தக் கையில் இருந்தது. 1960-களில் ஜெய்ப்பூரில் ராம் சந்திர சர்மாவும் டாக்டர் பி.கே.சேத்தியும் ரப்பரில் பாதம் செஞ்சப்பவும் இதே யோசனைதான். சம்மணம் போடணும், குத்துக்காலிடணும், சேத்தில் வெறுங்காலா நடக்கணும். அதுக்கு எது வளையணும்னு முதல்ல கேட்டாங்க.

2022-இல் ஐ.ஐ.டி. மெட்ராஸ் வெளியிட்ட 'கடம்' செயற்கை முழங்கால் 160 டிகிரி மடங்கும். பஸ் சீட்டில் நெருக்கி உட்காரலாம். நல்ல வேலை, சந்தேகமே இல்லை. ஆனா எவ்வளவு நல்ல மூட்டா இருந்தாலும் அதைச் சதையோடு சேர்க்கிறது சாக்கெட்தான்.

அதனால ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்கு 3டி பிரிண்ட் கால் செய்யறவங்ககிட்ட என் கோரிக்கை: ஒரே ஸ்கேனை நம்பாதீங்க. காலையில் ஒண்ணு, நாள் முழுக்க நடந்த பிறகு ஒண்ணு எடுங்க. ரெண்டு உருவத்தையும் அசெம்பிளியில் மாத்தி மாத்தி வச்சுப் பாருங்க. இன்னொண்ணு, ஃபிளெக்ஸிபிள் வசதி உருவத்தை மட்டும்தான் மாத்தும், அழுத்தத்தைக் கணக்குப் போடாது. திரையில் கச்சிதமா பொருந்தினதை வச்சு 'சரியா இருக்கு'ன்னு எழுதாதீங்க.

இலவசக் கால் முகாம் நடத்துறவங்களுக்கும் ஒண்ணு. கால் கொடுத்து போட்டோ எடுத்தா வேலை முடிஞ்சுடாது. சுருங்கின காலுக்கு ரெண்டாவது சாக்கெட்டையும், உள்ளே அடுக்கிப் போடும் உறைகளையும் அதே பட்ஜெட்டில் சேருங்க.

வீட்டில் இருக்கிறவங்க செய்ய வேண்டியது: புது சாக்கெட்டோடு கால் மணி நேரம் நடக்கவிட்டு, கழட்டி, தோலைப் பாருங்க. பின்பக்கம் தெரியலைன்னா கண்ணாடி வச்சுப் பாருங்க. சிவப்பு பத்து நிமிஷத்தில் மறையணும். மறையலைன்னா, வலி இல்லைன்னு அவர் சொன்னாலும், அந்தக் காலை மறுபடி மாட்டாம செஞ்சு கொடுத்தவங்ககிட்ட எடுத்துட்டுப் போங்க.