பட்டிமன்றத்தோடு ஒரு பகடை மேசையும் வேண்டும்

நம் மன்றத்தில் ஆண்டுதோறும் பட்டிமன்றம் நடக்கிறது. கைதட்டுகிறோம், நானும் தட்டியவன்தான். ஆயினும் அம்மேடையில் முழங்கியவர்களுள் எதிரணியின் நாற்காலியில் ஒருமுறையேனும் அமர்ந்து பார்த்தவர் எவரும் உண்டோ? அக்குறை தீர ஒரு விளையாட்டைச் சொல்ல வருகிறேன். நகைக்க விரும்பும் நண்பர்கள் முதலிலேயே நகைத்துவிடலாம். அது இரும்பரக்கர்கள் மோதும் விளையாட்டு.

அமெரிக்காவின் ஃபாசா நிறுவனம் 1984-இல் 'பேட்டில்டிராய்ட்ஸ்' என்று வெளியிட்டு, மறு ஆண்டே 'பேட்டில்டெக்' எனப் பெயர் மாற்றியது. அறுகோணக் கட்டங்கள் வரைந்த தாள், இரண்டு பகடை, 20 முதல் 100 டன் வரை எடையுள்ள போர் இயந்திரங்கள். உள்ளிருந்து ஓட்டும் மனிதனாகவே நாம் பேசி நடிக்க 1986-இல் 'மெக்வாரியர்' என்ற விதிநூலும் வந்தது. சுட்டால் இயந்திரம் சூடேறும். தண்ணீரில் இறங்கி நின்றால் விரைவில் ஆறும். சூடு 24 ஆகிவிட்டால் இரு பகடையும் சேர்ந்து 8-க்குக் குறையாமல் விழவேண்டும். இல்லையேல் இயந்திரம் அணைந்து சிலையாகிவிடும். 36 வழிகளில் 15 மட்டுமே நமக்குத் துணை. நிகழ்தகவை நான் கற்றது கல்லூரியிலன்று, இந்த 15-இல்தான்.

என் தந்தையார் பிழைப்புக்காகத் திருநெல்வேலியிலிருந்து பாறசாலைக்குக் குடிபெயர்ந்தவர். களியக்காவிளை தாண்டினால் தமிழ்நாடு. 1956-இல் விளவங்கோடு சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. நெய்யாற்றின் இடதுகரைக் கால்வாய் மட்டும் இந்தக் கோட்டை அறியாமல் இருபுறமும் ஓடியது. 2004-இல் கேரளம் அந்நீரை நிறுத்தியது. 2012-இல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் சென்றது. எங்கள் வீட்டில் இதைப் பற்றி ஒரே கருத்துத்தான் இருந்தது. அது எது என்று சொல்லவும் வேண்டுமோ!

வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த அத்தான் இந்த விளையாட்டைக் கொண்டுவந்தார். எனக்கு அப்போது வயது பதின்மூன்று. விண்வெளிக் கதையை விட்டுவிட்டு, வறண்ட கால்வாய் ஒன்றையும் அதன் தலைப்பில் பூட்டிய மதகையும் அவர் தாளில் வரைந்தார். நான் கீழ்மடைக்காரன், அடுத்த வீட்டு மலையாளத் தோழன் மேல்மடைக்காரன். சண்டையில் இருவருக்கும் சூடேறியது. இறங்கி ஆற்றிக்கொள்ளத் தண்ணீர் இல்லை.

"சூடு 24. என்னடா செய்யப்போகிறாய்?" என்றார் அத்தான்.

"மதகைத் தூக்குகிறேன், அத்தான். தண்ணீர் வந்தால் அவனுக்கும் ஆறுமே" என்றேன்.

விதிநூலில் அதற்கு விதியில்லை. அத்தான் அங்கேயே ஒன்று வகுத்தார்: பகடையில் தப்பினால், சுடாமல் மூன்று சுற்று மதகைப் பிடித்து நிற்கவேண்டும். 9 விழுந்தது, தப்பினேன். இரண்டாம் சுற்றிலேயே தோழன் என்னைச் சுட்டு வீழ்த்தினான். இரண்டு நாள் அவனோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் அத்தான் நாற்காலிகளை மாற்றிப்போட்டார். இப்போது மேல்மடை எனது. அணையில் எவ்வளவு நீர் மிச்சம் என்ற கணக்குத் தாளை என் கையில் மட்டும் கொடுத்தார். தோழன் வந்து மதகைப் பிடித்தான். நான் ஒரு சுற்றுக்கூடப் பொறுக்கவில்லை; சுட்டேன்.

விளவங்கோட்டு உழவரின் வழக்கு நியாயமானது என்றே இன்றும் நம்புகிறேன். ஆனால் மேல்மடைக்காரனை வஞ்சகன் என்று அதன்பின் என் வாய் சொன்னதில்லை. சொல்ல வந்தால் அந்தக் கணக்குத் தாள் கண்முன் நிற்கிறது.

பகடை தருமனையே கெடுத்தது என்பார் உளர். அங்கே பணயம் நாடு. இங்கே பணயம் ஒரு மாலைப் பொழுது. பெட்டி விலை அதிகம், விதிகள் ஆங்கிலம் என்பது மெய்யான தடை. எனினும் கட்டத்தாள் நாமே வரையலாம். தேவையான விதிகளை நான்கு பக்கத் தமிழில் எழுதிவிடலாம். போரைச் சுவையாக்குகிறது என்ற குற்றச்சாட்டுக்கு மட்டும் என்னிடம் முழு விடை இல்லை. அந்த இயந்திரத்தில் ஏறத்தான் எனக்கும் முதலில் ஆசை வந்தது.

மன்றச் செயலாளர் ஒரு மேசையும் ஒரு வெள்ளிக்கிழமை மாலையும் ஒதுக்கட்டும். தாளும் பகடையும் நான் கொண்டுவருகிறேன். காவிரிக்கு ஒரு மதகு வரைந்து வைத்திருக்கிறேன். கர்நாடகத்தின் பக்கம் அமர நால்வர் வேண்டும்.