கரி பூசிய மேடை

1821 செப்டம்பரில் நியூயார்க்கில் கறுப்பினத்தார் மட்டுமே நடித்த ஒரு குழு ஷேக்ஸ்பியரின் 'மூன்றாம் ரிச்சர்ட்' நாடகத்தை அரங்கேற்றியது. குழுவை அமைத்த வில்லியம் பிரவுன் மேற்கிந்தியத் தீவுகளைச் சேர்ந்தவர், கப்பலில் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கறுப்பின மக்கள் மாலையில் வந்து தேநீர் அருந்தவும் பாட்டுக் கேட்கவும் முதலில் ஒரு தோட்டம் நடத்தினார். அக்கம்பக்கத்தார் சத்தம் என்று புகார் செய்ததால் அதை மூட வேண்டியதாயிற்று. பிறகுதான் நாடகத்தில் இறங்கினார். தோட்டத்தின் பெயரான 'ஆப்பிரிக்கன் குரோவ்' அரங்குக்கும் நிலைத்துவிட்டது.

நியூயார்க் மாநிலத்தில் அடிமைமுறை முற்றாக ஒழிந்தது 1827இல். 1821இல் கூடிய அரசியல் சட்ட மாநாடு வெள்ளையர் வாக்களிக்கச் சொத்துத் தகுதியைத் தளர்த்தியது. கறுப்பினத்தாருக்கோ 250 டாலர் சொத்து வேண்டும் என்றது. நகரின் பெரிய அரங்கான பார்க் தியேட்டரில் அவர்களுக்கு மேல்மாடத்தில் மட்டுமே இடம். பிரவுன் இதைத் தலைகீழாக்கினார். தம் அரங்கின் பின்பகுதியைத் தடுத்து, வெள்ளையர் அங்கே உட்காரலாம் என்றார். கண்ணியமானவர்களுக்கான நிகழ்ச்சியில் நடந்துகொள்ளும் முறை அவர்களுக்குத் தெரியவில்லை என்று அதற்குக் காரணமும் சொன்னார். அந்தக் காலத்து நியூயார்க்கில் இதைவிடக் கூர்மையான நையாண்டி மேடையிலும் நடந்திருக்காது.

பார்க் தியேட்டருக்குப் பக்கத்திலேயே ஓர் இடத்தை வாடகைக்குப் பிடித்து பிரவுன் 'ரிச்சர்ட்' போட்டபோது மோதல் முற்றியது. 1822 ஜனவரியில் காவலர்கள் ஆட்டத்தின் நடுவே மேடையேறி நடிகர்களை வேடத்தோடு பிடித்துச் சென்றார்கள். இனி ஷேக்ஸ்பியரை நடிப்பதில்லை என்று வாக்குறுதி வாங்கிக்கொண்ட பிறகே விடுவித்ததாக 'நேஷனல் அட்வகேட்' கேலியாக எழுதியது. அதன் ஆசிரியர் மொர்டெக்காய் நோவா நகரின் ஷெரீப், நாடக ஆசிரியர், கறுப்பினத்தார் வாக்குரிமையை எதிர்த்தவர். மூன்றும் ஒரே ஆள். அவர் பத்திரிகையில் நாடகக் கிண்டலும் வாக்குரிமைக் கிண்டலும் கலந்தே வந்தன. நன்றாக நடிக்கிறார்களா என்பது யாருக்கும் கவலையாக இல்லை. அரசன் வேடத்தில் ஒரு கறுப்பர் நிற்பதே உறுத்தியது. அந்த ஆகஸ்டில் வெள்ளையர் கும்பல் ஒன்று அரங்கில் புகுந்து நடிகர்களை அடித்தது.

பிரவுன் உடனே ஓய்ந்துவிடவில்லை. செயின்ட் வின்சென்ட் தீவில் கறுப்பு கரீபியர் பிரிட்டிஷாரை எதிர்த்து எழுந்ததை வைத்து 'கிங் ஷாட்டவே' என்று ஒரு நாடகம் எழுதி 1823இல் போட்டார். கறுப்பினத்தார் ஒருவர் எழுதி அமெரிக்காவில் மேடையேறிய முதல் நாடகம் அதுவே என்று கருதுகிறார்கள். பிரதி கிடைக்கவில்லை. குழுவும் சில காலத்தில் கலைந்தது.

குழுவின் முதன்மை நடிகர் ஜேம்ஸ் ஹியூலெட் தனியாள் நிகழ்ச்சிகளுக்குப் போனார். ஐரா ஆல்ட்ரிட்ஜ் என்ற இளைஞர் நாட்டை விட்டே வெளியேறி 1825இல் லண்டன் மேடையேறினார். 1833இல் காவன்ட் கார்டன் அரங்கில் நடிகர் எட்மண்ட் கீனின் இடத்தில் ஒத்தெல்லோவாக நடித்தபோது லண்டன் விமர்சகர்கள் சிலர் நிறத்தைச் சொல்லியே தாக்கினார்கள். இரண்டு இரவுகளோடு ஆட்டம் நின்றது. பிரஷ்யாவும் ரஷ்யாவும் அவரைக் கொண்டாடின. லியர், ஷைலாக் வேடங்களுக்கு அவர் முகத்தில் வெள்ளைப் பூச்சுப் போட்டுக்கொண்டார். 1867இல் போலந்தில் இறந்தார்.

அமெரிக்க மேடையில் நேர்மாறான பூச்சு நடந்தது. 1830 வாக்கில் தாமஸ் ரைஸ் என்ற வெள்ளையர் எரித்த தக்கைக்கரியை முகத்தில் அப்பி 'ஜிம் க்ரோ' என்ற கோமாளியாக ஆடிப் பெயர் பெற்றார். 1843இல் இது 'மின்ஸ்ட்ரல்' குழுக்களாகப் பெருகியது. நிறவெறிச் சட்டங்களுக்குப் பின்னாளில் அந்தக் கோமாளியின் பெயரே ஒட்டிக்கொண்டது. உள்நாட்டுப் போருக்குப் பிறகு கறுப்பு நடிகர்கள் மேடைக்கு வந்தபோது அவர்களும் கரி பூச வேண்டியிருந்தது. 1910இல் பிராட்வேயின் சீக்ஃபெல்ட் குழுவில் சேர்ந்த பெர்ட் வில்லியம்ஸ் போன்ற பெரிய கலைஞரும் அதற்கு விலக்கல்ல.

வெள்ளை நடிகர்களோடு ஒத்தெல்லோவாகப் பிராட்வேயில் நிற்க ஒரு கறுப்பு நடிகருக்கு 1943 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பால் ராப்சன் நடித்த அந்த நாடகம் 296 முறை நடந்தது.