ஒரு காருக்கு இரண்டரை கார் வரி!

வெளிநாட்டிலிருந்து ஊர் திரும்பப்போகும் உங்கள் அண்ணனோ மச்சானோ, 'இங்க நான் ஓட்டுற காரை அப்படியே கப்பல்ல ஏத்திக் கொண்டாந்துடறேன்' என்று போனில் சொன்னால், உடனே தடுத்துவிடுங்கள். ஆசைப்படுவதில் தப்பில்லை. ஆனால், அந்த ஆசைக்கு நம் அரசாங்கம் என்ன ரேட் போட்டிருக்கிறது என்று அவருக்கு யாராவது சொல்லியாக வேண்டும்.

பேப்பர், பேனா எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒரு புது கார். பெரிய பெட்ரோல் வண்டி. கப்பல் கூலி, இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்த்து 50 லட்ச ரூபாய் என்று வையுங்கள். 40 ஆயிரம் டாலருக்கு மேற்பட்ட கார் என்பதால் இறக்குமதி வரி 110 சதவீதம். அதாவது, 55 லட்சம். ஆச்சா... 1 கோடியே 5 லட்சம். இதன் தலையில் ஜி.எஸ்.டி. 40 சதவீதம். கவனியுங்கள், காரின் விலையான 50 லட்சத்துக்கு அல்ல. சுங்க வரியும் சேர்ந்த 1 கோடியே 5 லட்சத்துக்கு! வரிக்கே வரி. அது 42 லட்சம். துறைமுக கேட்டைத் தாண்டினால் ஆர்.டி.ஓ. காத்திருக்கிறார். 20 லட்சத்துக்கு மேல் விலையுள்ள காருக்கு தமிழகத்தில் ஆயுள் வரி 20 சதவீதம். மொத்தத்தின் மேல் போட்டால் இன்னொரு 29 லட்சம். ஆக, வரி மட்டும் சுமார் 1 கோடியே 26 லட்சம். ஒரு காருக்கு இரண்டரை கார் வரி!

'பணக்காரன்தானே, கட்டட்டும். உனக்கு ஏன் வலிக்குது?' என்கிறீர்களா? நியாயமான கேள்வி. எனக்கு வலிப்பது தொகை அல்ல, அதற்கு ஒட்டியிருக்கும் லேபிள்.

2025 பட்ஜெட்டில், விலை உயர்ந்த கார்களுக்கான அடிப்படை சுங்க வரியை 100 சதவீதத்திலிருந்து 70 ஆகக் குறைத்தார்கள். 'ஆஹா' என்று தலைப்புச் செய்தி வந்தது. அதே பட்ஜெட்டில் 10 சதவீத சமூக நல சர்சார்ஜை எடுத்துவிட்டு, 40 சதவீத 'செஸ்' ஒன்றைச் சொருகினார்கள். முன்பும் 110, இப்போதும் 110. அந்த செஸ்ஸுக்குப் பேர் என்ன தெரியுமா? விவசாய உள்கட்டமைப்பு மேம்பாட்டு வரி! சொகுசு காருக்கும் சோற்றுப் பானைக்கும் முடிச்சு.

காமர்ஸ் படித்தவன் புத்தி, காசு எங்கே போகிறது என்றுதான் பார்க்கும். அடிப்படை வரி, மாநிலங்களோடு பங்கு பிரிக்கும் பொதுத் தொகுப்பில் சேரும். செஸ்ஸும் சர்சார்ஜும் அதில் சேராது, மத்திய அரசுக்கே. கார் வாங்குபவர் கட்டும் பணம் மாறவில்லை. பங்கு பிரிக்கும் தொகை மட்டும் 100லிருந்து 70 ஆகிவிட்டது. கார் இல்லாதவருக்கும் இதில் பங்கு உண்டு. இதே செஸ்ஸை 2021 பட்ஜெட்டில் பெட்ரோல் லிட்டருக்கு இரண்டரை ரூபாய் என்று வைத்தார்கள். உங்கள் மொபெட்டும் கட்டியது சார்!

சரி, மச்சானின் பழைய காருக்கு வருவோம். அதற்கு வரி இன்னும் அதிகம், 137.5 சதவீதம். வாங்கிய பில்லைக் காட்டினால் போதாது. புது கார் விலையிலிருந்து தேய்மானம் கழித்து சுங்கத்துறையே ஒரு மதிப்பு போடும். துபாயில், அமெரிக்காவில் ஓட்டிய காரா? இடதுபக்க ஸ்டீயரிங்... முதல் கேள்வியிலேயே ஃபெயில். லண்டன் காரா? ஸ்டீயரிங் பாஸ், ஸ்பீடாமீட்டர் மைலில் இருந்தால் செல்லாது, கிலோமீட்டர் வேண்டும். தயாரித்து மூன்று வருஷம் தாண்டியிருக்கக் கூடாது. கப்பல் ஏறும் முன் சோதனைச் சான்றிதழ் வேண்டும். எல்லாம் சரியா? சென்னையில் இறக்க முடியாது. பழைய கார் மும்பைத் துறைமுகம் வழியாக மட்டும்தான் வரலாம்! கப்பல் கப்பலாக கார்களை ஏற்றுமதி செய்யும் ஊர்க்காரன், தன் ஒரே ஒரு காருக்காக மும்பையில் ஏஜென்ட் பிடித்து, துறைமுக வாடகை கட்டி, டிரெய்லரில் ஏற்றி வர வேண்டும்.

விதி எல்லோருக்கும் ஒன்றா? பிராட்மனின் 29 சதங்களைச் சமன் செய்த சச்சினுக்கு ஃபெராரி பரிசாக வந்தபோது, சுங்க வரியைத் தள்ளுபடி செய்யத் துணிந்தது அரசு. 2003ல் விவகாரம் கோர்ட்டுக்குப் போய், கடைசியில் பரிசு கொடுத்த கம்பெனியே வரியைக் கட்டியது. ஃபெராரிக்கு இளகிய மனசு, மச்சானின் பழைய காருக்கு இளகாது.

வரியை ஏற்றினால் குறுக்குவழி பெருகும் என்பது கள்ளக்கடத்தல் காலத்துப் பாடம். 2025 செப்டம்பரில், பூடான் வழியாக வந்ததாகச் சொல்லி கேரளத்தில் சொகுசு கார்களை வரிசையாகப் பிடித்தது சுங்கத்துறை.

'உள்நாட்டுத் தொழிலைக் காக்கவே இந்த வரி' என்பார்கள். மறைமலைநகரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்காக அதை ஒப்புக்கொள்ளலாம். ஆனால், 2025 ஜூலையில் பிரிட்டனோடு கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில், குறிப்பிட்ட எண்ணிக்கை வரை கார் வரியைப் படிப்படியாக 10 சதவீதத்துக்கு இறக்கச் சம்மதித்தார்களே! பிரிட்டிஷ் கம்பெனிக்கு இறங்கினால் சாகாத தொழில், ஊர் திரும்புகிறவரின் ஒற்றைக் காரிலா செத்துவிடும்?

கேட்பது பெரிதில்லை. வெளிநாட்டில் ஒரு வருஷமாவது சொந்தமாக ஓட்டிய காரை, ஆயுளில் ஒரே முறை, விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு, நியாயமான வரியில், சென்னை வழியாகவே கொண்டுவர விடுங்கள். மற்றவர்களிடம் 110 என்ன, 200கூட வாங்குங்கள். ஆனால், வரி என்றே சொல்லி வாங்குங்கள். விவசாயி பெயரை இழுக்காதீர்கள்.

நீங்களும் ஒன்று செய்யுங்கள். அடுத்த பட்ஜெட் அன்று 'வரி குறைப்பு' என்று பேப்பரில் கொட்டை எழுத்தில் பார்த்தால், அதோடு நிறுத்திவிடாதீர்கள். அடுத்த வரியையும் படியுங்கள். அங்கேதான் அடுத்த 'வரி' இருக்கும்!