உயிருக்கு விலை போடும் கணக்கில் சாதி எங்கே இருக்கிறது?

மருத்துவத்துக்கான அரசுச் செலவை 2025க்குள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதமாக உயர்த்துவோம் என்றது 2017ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை. கொரோனா உச்சத்தில் இருந்த 2021-22இல்கூட அது 1.84 சதவீதம்தான். போதாத இந்தப் பணத்தை டயாலிசிஸுக்குக் கொடுப்பதா, புற்றுநோய்ப் பரிசோதனைக்குக் கொடுப்பதா என்று முடிவெடுக்க உதவுவதே நலப் பொருளியல். ஒரு சிகிச்சை எத்தனை ஆரோக்கியமான ஆண்டுகளைத் தருகிறது, அதற்கு எவ்வளவு செலவாகிறது என்று அது கணக்கிடுகிறது. ஒன்றிய அரசு 2017இல் இதற்கென்றே ஒரு மதிப்பீட்டு அமைப்பைத் தொடங்கியது.

என் முனைவர் பட்ட ஆய்வு இந்தத் துறையில்தான். “உயிருக்கு விலை போடுகிறீர்களா?” என்று தோழர்கள் கோபப்படுகிறார்கள். கணக்கே இல்லாத காலத்திலும் விலை போடப்பட்டுத்தான் வந்தது. எந்த ஊருக்கு மருத்துவமனை, எந்தச் சேரிக்கு ஒன்றுமில்லை என்பதைச் செல்வாக்கு தீர்மானித்தது. காகிதத்தில் இருக்கும் கணக்கையாவது எதிர்த்து வாதாடலாம். ஆகவே கணக்கைப் புறக்கணிக்காமல் உள்ளே புகுந்து பார்ப்போம்.

ஒரு பழைய முறை, நோயால் இழந்த கூலியை வைத்து உயிரை மதிப்பிடுகிறது. கூலியைச் சாதி தீர்மானிக்கும் நாட்டில், தூய்மைப் பணியாளரின் ஓராண்டு மென்பொருள் பொறியாளரின் ஓராண்டைவிட மலிவாகிவிடும். ஆரோக்கியமான ஆண்டுகளை எண்ணும் முறை இந்த அநீதியைத் தவிர்க்கிறது. யாருடைய ஆண்டாக இருந்தாலும் ஓர் ஆண்டு ஓர் ஆண்டுதான்.

ஆனால் அதற்குள்ளும் ஒரு பொறி இருக்கிறது. ஒன்பது மாநிலங்களின் 2010-11 தரவுகளைக் கொண்டு 2022இல் வெளியான ஆய்வு, உயர்சாதி இந்துக்களைவிடப் பழங்குடியினரின் ஆயுள் நான்கு ஆண்டுகளுக்கு மேலும், தலித்துகளின் ஆயுள் மூன்று ஆண்டுகளுக்கு மேலும் குறைவு என்று காட்டியது. இந்த ஆயுளை அப்படியே கணக்கில் போட்டால், ஒரு தலித்தைக் காப்பாற்றுவதால் கிடைக்கும் ஆண்டுகள் குறையும். சாதி பறித்த ஆண்டுகளே சிகிச்சையை மறுக்கும் காரணமாகிவிடும். எல்லோருக்கும் சராசரி ஆயுளைப் போட்டால் இந்த வேறுபாடே கண்ணிலிருந்து மறைந்துவிடும்.

செலவுப் பக்கமும் அப்படித்தான். மலைக் கிராமத்துக்கு மருந்து கொண்டுசெல்ல நகரத்தைவிட அதிகம் செலவாகும். அரசின் செலவை மட்டும் பார்த்தால் அது வீண் செலவாகத் தெரியும். நோயாளி இழக்கும் நாள் கூலியையும் பேருந்துக் கட்டணத்தையும் சேர்த்துப் பாருங்கள், விடை மாறலாம். 2021இல் தமிழ்நாடு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறது. அதை இப்படித்தான் மதிப்பிட வேண்டும்.

இந்தச் சூத்திரங்களை மாற்ற முடியாது என்றும் இல்லை. 1993இல் உலக வங்கி அறிக்கை பயன்படுத்திய நோய்ச்சுமைக் கணக்கு, குழந்தைகள், முதியோர் ஆண்டுகளைவிட இளைஞரின் ஆண்டுக்கு அதிக மதிப்புக் கொடுத்தது. எதிர்ப்பு எழுந்தது. 2010ஆம் ஆண்டுக்கான கணக்கீட்டில் அது கைவிடப்பட்டது. தாய்லாந்திலோ, டயாலிசிஸ் செலவுக்கேற்ற பலன் தராது என்று ஆய்வு சொன்ன பிறகும், குடும்பங்கள் கடனில் மூழ்குவதைக் கண்ட அரசு 2008இல் அதைப் பொதுத் திட்டத்தில் சேர்த்தது. கணக்கு தகவல் தரலாம், முடிவை மக்கள்தான் எடுக்க வேண்டும்.

இனி நாம் கேட்க வேண்டியவை தெளிவானவை. மாநிலம், பாலினம், கிராமம்–நகரம் வாரியாக ஆயுள் அட்டவணை வெளியிடும் மாதிரிப் பதிவுத் திட்டம், சாதிவாரியாகவும் வெளியிட வேண்டும். ஒவ்வொரு மதிப்பீட்டு அறிக்கையும் பலன் எந்தச் சமூகங்களுக்குப் போகிறது என்று சொல்ல வேண்டும். ஆயுள் பறிக்கப்பட்டவர்களுக்குக் கிடைக்கும் ஆண்டுக்குக் கூடுதல் மதிப்புத் தர வேண்டும். இட ஒதுக்கீட்டின் நியாயம்தான் இதற்கும் நியாயம்.

அரசியலில் சமத்துவம், சமூகப் பொருளாதார வாழ்வில் சமத்துவமின்மை என்ற முரண்பாட்டுக்குள் நுழைகிறோம் என்று 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் அம்பேத்கர் எச்சரித்தார். அவர் ஒரு பொருளியலாளர் என்பதை மறக்க வேண்டாம். நிதிநிலை அறிக்கையின் மருத்துவப் பக்கங்களையும் அவர் கண்கொண்டு படிப்போம்.