பஞ்சாரத்துக் கோழியும் பதினான்கு நாள் மாத்திரையும்

செம்பரம்பாக்கம் ஏரியை ஒட்டிய ஊர்களிலிருந்து காய்ச்சலுடன் வருவோரிடம், வீட்டில் கோழி வளர்க்கிறீர்களா என்று நாங்கள் கேட்பதுண்டு. காய்ச்சலுக்கு வந்த இடத்தில் கோழியைப் பற்றிய விசாரணை எதற்கு என்று சிலர் வியக்கின்றனர். வேறு சிலரோ, "கோழியெல்லாம் நன்றாகத்தான் மேய்கிறது, மலேரியாவாக இருக்காது" என்று தாமே முடிவு கூறிவிடுகின்றனர். இந்த இரண்டாவது எண்ணமே எங்களைக் கவலைகொள்ளச் செய்கிறது.

கோழி ஓரளவுக்குக் காவல் காக்கும் என்பது மெய்யே. கொண்டையிலும் கண்ணைச் சுற்றியும் கொப்புளமும் பொருக்குமாகத் தோன்றும் கோழி அம்மையைப் பரப்புவதில் கொசுவுக்குப் பெரும்பங்கு உண்டு. முற்றத்துக் கோழிகளிடம் அம்மை பரவினால், அவ்வீட்டைச் சுற்றிக் கொசு பெருகியிருக்கிறதா என்று பார்ப்பது தகும். எங்கள் கேள்வியின் நோக்கம் அதுவே. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், கூண்டில் வளர்க்கும் கோழிகளின் இரத்தத்தை அவ்வப்போது சோதித்து, மூளைக்காய்ச்சல் உண்டாக்கும் வைரஸ்கள் அப்பகுதியில் உலவுகின்றனவா என்று அறிகின்றனர்.

ஆனால் மலேரியாவின் கதை வேறு. மனிதரைத் தாக்கும் மலேரியா ஒட்டுண்ணி கோழியின் உடலில் வளராது. கோழிக்கு வரும் மலேரியா மனிதரைத் தொற்றாது. ஆகவே பஞ்சாரத்துக் கோழி நலமாயிருப்பது வீட்டாருக்கு மலேரியா இல்லை என்பதற்குச் சான்றாகாது. இரத்தப் பரிசோதனை ஒன்றே சான்று. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் அது இலவசமாகவே செய்யப்படுகிறது. சென்னை வட்டாரத்தில் மலேரியாவைப் பரப்பும் முதன்மையான கொசுவாகிய அனாபிலிஸ் ஸ்டீபன்சி, கிணற்றிலும் மூடாத மேல்நிலைத் தொட்டியிலும் முட்டையிடுவது. ஏரியையே குற்றம் சொல்லிப் பழகியவர்கள் ஒருமுறை மொட்டை மாடிக்கு ஏறிப் பார்க்கலாம்.

இருப்பினும் மலேரியாவை நாம் புரிந்துகொண்டதில் பறவைகளுக்குப் பெருங்கடன் பட்டிருக்கிறோம். 1897இல் செகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டார். மறு ஆண்டு கல்கத்தாவில், கொசுக்கடியால் நோய் பரவுவதை அவர் மெய்ப்பித்தது பறவைகளைக் கொண்டுதான். 1935இல் பிரெஞ்சு அறிஞர் எமில் புரும்ப்ட் இலங்கைக் கோழிகளிடம் ஒரு மலேரியா ஒட்டுண்ணியை இனங்கண்டார். இரண்டு ஆண்டுகள் கழித்து ஜேம்ஸ், டேட் ஆகிய இருவர், அந்த ஒட்டுண்ணி இரத்தச் சிவப்பணுக்களுக்கு வெளியே, பிற திசுக்களிலும் பெருகுவதைக் கோழிகளில் கண்டறிந்தனர். மனித உடலிலும் அத்தகைய மறைவிடம் உண்டோ என்ற தேடல், 1948இல் ஷார்ட், கார்ன்ஹாம் ஆகியோரால் கல்லீரலில் வந்து முடிந்தது.

நம் நோயாளிகள் வீட்டுக்கு எடுத்துச் செல்லும் மாத்திரைக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. சென்னையில் மிகுதியாகக் காணப்படும் வைவாக்ஸ் மலேரியாவுக்கு மூன்று நாள் குளோரோகுயின் கொடுக்கிறோம். இரத்தத்திலுள்ள ஒட்டுண்ணி அழிகிறது, காய்ச்சல் விடுகிறது. கல்லீரலில் உறங்கும் ஒட்டுண்ணி அப்படியே இருக்கிறது. அதை அழிப்பதற்கே பிரைமாக்குயின், பதினான்கு நாள். "காய்ச்சல்தான் விட்டுவிட்டதே" என்று ஐந்தாம் நாளே நிறுத்துவோர் பலர். சில மாதங்கள் கழித்து, புதிதாக எந்தக் கொசுவும் கடிக்காமலே, அதே காய்ச்சல் அவர்களிடம் திரும்பி வரலாம். அப்போது அவரைக் கடிக்கும் கொசு, வீட்டிலுள்ள குழந்தைக்கும் நோயைக் கொண்டு செல்லக்கூடும்.

எஞ்சிய மாத்திரையை அடுத்தவருக்கு ஒருபோதும் கொடுக்கலாகாது. கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் பிரைமாக்குயின் கூடாது. ஜி-6-பி-டி என்னும் நொதி குறைந்தவர்களுக்கு இது சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும். மாத்திரை உண்ணும் நாள்களில் சிறுநீர் கறுத்துப் போனால் அக்கணமே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்கு வர வேண்டும்.

இதில் மருத்துவர்களாகிய எங்கள் பிழையும் உண்டு. சீட்டை எழுதி நீட்டிவிட்டு அடுத்தவரை அழைத்துவிடுகிறோம்; பதினான்கு நாள் ஏன் என்று சொல்வதற்கு ஒரு நிமிடம் செலவிடுவதில்லை. ஒரே தெருவில் கோழிக்கு அம்மை பார்க்கும் கால்நடை மருத்துவரும், அங்குள்ளோரின் காய்ச்சலைப் பார்க்கும் நாங்களும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதும் அரிது. பேசினால் கொசு பெருகிய தெரு சில நாள் முன்னதாகவே தெரியவரும் என்பது எங்கள் கருத்து. முதற்கட்டமாக, பதினான்காவது மாத்திரைக்குரிய தேதியைச் சீட்டிலேயே எழுதித் தருமாறு எங்கள் இளம் மருத்துவர்களிடம் கூறியிருக்கிறோம். எழுதப்படாவிட்டால் தயங்காமல் கேட்டு வாங்குங்கள்.