சரக்குக் கப்பல் வந்த மறுநாள்

சனிக்கிழமை, விடிய இன்னும் நேரம் இருக்கிறது. நங்கூரமிட்டு நிற்கும் படகுகளுக்கு நடுவிலிருந்து சின்ன ரப்பர் படகுகள் ஒவ்வொன்றாகக் கரையை நோக்கி வருகின்றன. தலையில் கட்டிய டார்ச், காலடியில் பைகள், டீசல் கேன், ஒரு மூட்டை அழுக்குத் துணி. இடம் பசிபிக் பெருங்கடலின் நடுவே, மார்க்கெசஸ் தீவுக்கூட்டத்தில் உள்ள நூக்கு ஹிவா. அங்கே சந்தை இருட்டிலேயே கூடி, ஊர் விழிப்பதற்குள் பாதி கலைந்துவிடும். நன்றாக விடிந்த பிறகு போனால் தக்காளி கிடைப்பது அதிர்ஷ்டம்தான்.

பாய்மரப் படகில் உலகம் சுற்றுபவர்களின் படங்களில் நீலக் கடலும் தென்னை மரமும்தான் தெரியும். மூட்டை சுமப்பதை யாரும் படம் எடுத்துப் போடுவதில்லை. ஆனால் கரையைத் தொட்ட நாள்களில் பெரும்பொழுது அதில்தான் போகிறது.

கலாபகஸ் தீவுகளிலிருந்து மார்க்கெசஸ் வர ஏறக்குறைய 3,000 கடல் மைல். காற்று ஒத்துழைத்தால் மூன்று வாரம், இல்லையென்றால் இன்னும் கூட. கிளம்பும்போது வாங்கிய கீரை முதல் வாரத்திலேயே முடிந்திருக்கும். கடைசி நாள்களில் மிஞ்சுவது வெங்காயம், முட்டைக்கோஸ், டின் உணவு. எனவே கரை தெரிந்ததும் மனசு தேடுவது அழகை அல்ல, ஒரு பச்சைக் காயை.

இறங்குவதே ஒரு வேலை. அலை ஏறி இறங்கும்போது ரப்பர் படகு கல்கட்டில் மோதிக் கிழியாமல் இருக்க, பின்பக்கம் ஒரு குட்டி நங்கூரத்தைப் போட்டுவிட்டு, ஒருவர் கயிற்றோடு எட்டிக் குதிக்க வேண்டும். பிறகு போலீஸ் அலுவலகத்தில் காகித வேலை. மார்க்கெசஸ் பிரெஞ்சு பாலினீசியாவைச் சேர்ந்தது என்பதால் பேச்சு பிரெஞ்சில். துணி துவைக்கக் கொடுக்க வேண்டும். கேஸ் சிலிண்டர் நிரப்ப வேண்டும். படகில் இருக்கும் சிலிண்டரின் வாய் வேறு நாட்டு அளவு, உள்ளூர் இணைப்பு அதில் பொருந்தாது. அதற்கொரு இணைப்பான் யாரிடம் இருக்கிறது என்று விசாரித்து நடப்பதிலேயே ஒரு காலைப் பொழுது போய்விடும்.

அதற்கப்புறம்தான் மளிகை.

இந்தத் தீவுகளுக்கு டஹிடியிலிருந்து வரும் சரக்குக் கப்பல்தான் உயிர்நாடி. தூரம் ஏறக்குறைய 1,400 கிலோமீட்டர். 'அரானுயி 5' என்ற கப்பல் ஒரு பக்கம் சுற்றுலாப் பயணிகளையும் மறு பக்கம் சரக்கையும் ஏற்றிக்கொண்டு தீவு தீவாக வரும். மாவு, வெங்காயம், சிமென்ட், கேஸ், சைக்கிள் எல்லாம் அதில் இறங்கும். கொப்பரை அதில் ஏறும். கப்பல் வந்த மறுநாள் கடைகள் நிறைந்திருக்கும். அடுத்த கப்பல் வரும்வரை அவ்வளவுதான். வாரக் கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும்.

சிக்கல் தொடங்குவது இங்கேதான். மார்ச் முதல் ஜூன் வரை படகுகள் மொத்தமாக வந்து சேரும் காலம். ஒரு விரிகுடாவில் 20 படகு நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். படகுக்கு மூன்று அட்டை முட்டை, அட்டைக்கு 30. மொத்தம் 1,800 முட்டை! நூக்கு ஹிவா கொஞ்சம் பெரிய இடம், எப்படியோ சமாளித்துவிடும். ஃபட்டு ஹிவா தீவில் மொத்தம் இருப்பவர்களே சுமார் 600 பேர். விமான நிலையம் கிடையாது, வங்கி கிடையாது. அங்கே இரண்டு படகுக்காரர்கள் ஆளுக்கொரு பை நிரப்பினாலே ஒரு தெருவுக்கு முட்டை இருக்காது. காசு கொடுத்துத்தானே வாங்குகிறோம் என்ற வாதம் இங்கே செல்லாது. அந்த முட்டை 1,400 கிலோமீட்டர் கடல் தாண்டி வந்தது அந்த ஊர்ப் பிள்ளைகளின் தட்டுக்கு.

விவரம் தெரிந்த படகுக்காரர்கள் அரிசி, பருப்பு, மாவு, எண்ணெய் எல்லாவற்றையும் பனாமாவிலேயே ஏற்றிக்கொள்கிறார்கள். தீவுக் கடைக்குள் நுழைந்தால் முதலில் "கவோஹா" என்று உள்ளூர் மொழியில் வணக்கம். அடுத்து, "அடுத்த கப்பல் எப்போ வரும்? இதில் நாங்கள் எவ்வளவு எடுத்துக்கலாம்?" என்று ஒரு கேள்வி. கடைக்கார அம்மா விரலைக் காட்டிச் சொல்லும் எண்ணிக்கையோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

தீவில் விளைவதை வாங்குவதில் இந்தச் சங்கடம் இல்லை. வாழை, மா, எலுமிச்சை, சீமைப்பலா, பம்பளிமாஸ் என்று மண் அள்ளிக் கொடுக்கிறது. (தமிழில் பம்பளிமாஸ், பிரெஞ்சில் பாம்பிள்மூஸ், இரண்டுமே டச்சுக்காரர்களிடமிருந்து வந்த சொல்.) பாதையெல்லாம் மாம்பழம் விழுந்து கிடப்பதைப் பார்த்து, கேட்பாரற்ற மரம் என்று புதியவர்கள் நினைத்துவிடுவார்கள். அப்படி ஒரு மரம்கூட அங்கே கிடையாது. கேட்காமல் பறித்தால் திருட்டு. கேட்டால் பை கொள்ளாத அளவு கொடுப்பார்கள். பதிலுக்குப் பணத்தை நீட்டினால் சில வீடுகளில் முகம் சுளிப்பார்கள். நல்ல கயிறு, தூண்டில் முள் போன்றவற்றுக்கு மதிப்பு அதிகம். கப்பலில் எப்போதாவது வரும் பொருள் எது என்று பார்த்துக் கொடுப்பதே மரியாதை.

பெல்ஜியப் பாடகர் ழாக் பிரெல் 1975-ல் படகில் இந்தப் பக்கம் வந்தவர், ஹிவா ஓவா தீவிலேயே தங்கிவிட்டார். பிறகு சொந்தமாக ஒரு சிறு விமானம் வாங்கி, தீவுகளுக்கு இடையே தபாலையும் மருந்தையும் சுமந்தார். இன்றும் அவரை அங்கே பாட்டுக்காக மட்டும் நினைப்பதில்லை.

பை நிறைந்து படகுக்குத் திரும்பினாலும் வேலை முடியாது. அட்டைப்பெட்டி எதுவும் படகில் ஏறக்கூடாது. அதன் மடிப்பில் கரப்பான் முட்டை ஒளிந்திருக்கும். வாழைத்தாரைக் கடலில் முக்கி எடுத்தால் பூச்சியும் பல்லியும் வெளியேறும். ஆனால் தார் முழுக்க ஒரே வேளையில் பழுப்பதை யாராலும் தடுக்க முடியாது. அந்த வாரம் காலை, மதியம், இரவு வாழைப்பழம்தான். முட்டைக்கோஸை வெட்டாமல் வெளி இலையாக உரித்து எடுத்தால் வாரக்கணக்கில் தாங்கும். கழுவாத முட்டைக்கு ஃபிரிட்ஜ் வேண்டாம், அவ்வப்போது புரட்டி வைத்தால் போதும். டின்களின் காகிதத்தை முன்கூட்டியே கிழித்துவிட்டு, மேலே மார்க்கரால் பெயர் எழுதிவிடுவார்கள். ஈரத்தில் காகிதம் பிரிந்து பம்பை அடைத்துவிடக் கூடாதே! எழுத மறந்த டின்னைத் திறக்கும் இரவு, பட்டாணியா பீச் பழமா என்பது தெய்வத்துக்கே வெளிச்சம்.

அடுத்த ஓட்டம் டுவாமோட்டு, 500 கடல் மைல் தள்ளி. அது வேறு உலகம். கடல்மட்டத்துக்குச் சற்றே மேலே பவளப்பாறை வளையம், அதன் மேல் தென்னை. மண் என்று சொல்ல ஏதுமில்லை. குடிக்க மழைநீர்த் தொட்டி. 1968-69 உலகப் படகுப் போட்டியைப் பாதியில் உதறிய பிரெஞ்சு மாலுமி பெர்னார் மொய்தெசியே, அங்கே அஹே என்ற வளையத் தீவில் குடும்பத்தோடு குடியேறி, இலைதழை மக்கவைத்து மண் உண்டாக்கித் தோட்டம் போட்டுப் பார்த்தார். காய்கறி அங்கே அவ்வளவு அரிது.

மீன் இருக்கிறதே என்றால் அதிலும் ஓர் ஆபத்து. பவளப்பாறை மீன்கள் சிலவற்றில் சிகுவாட்டெரா என்ற நஞ்சு சேர்ந்திருக்கும். மணம், சுவை எதிலும் தெரியாது. எவ்வளவு வேகவைத்தாலும் போகாது. எந்தப் பக்கத்து மீன், எந்த ரகம் ஆகும் என்று சொல்லத் தெரிந்தவர்கள் ஊர்க்காரர்கள்தான். கடையிலிருந்த கடைசி முட்டை அட்டையைத் தூக்கிப் போனவரும் அவர்களிடம்தான் மீனைக் காட்டிக் கேட்டாக வேண்டும்.

அதனால்தான் மார்க்கெசஸிலிருந்து கிளம்பும் படகுகளின் பின்புறம் தொங்கும் வலைப்பைகளில், சொந்தத் தேவைக்கு மேல் ஒரு டஜன் பம்பளிமாஸ் கூடுதலாக ஆடிக்கொண்டிருக்கும். பவளத் தீவில் இறங்கி முதல் வீட்டு வாசலில் கொடுப்பதற்கு.