பட்டன் அமுக்குறவன்

பிரிக்பீல்ட்ஸில் எந்த இலக்கியக் கூட்டத்துக்குப் போனாலும் ஒரு வாக்கியம் காதில் விழுந்துவிடுகிறது. "இப்பல்லாம் மெஷினே எல்லாத்தையும் செஞ்சிடுது, மனுஷன் வெறும் பட்டன் அமுக்குறவனா ஆயிட்டான்." சொல்பவர் உண்மையான வருத்தத்தோடுதான் சொல்கிறார். இதே வாக்கியத்தைக் கிள்ளானில் பட்டறை வைத்திருக்கும் முதலாளியும் சொல்கிறார். அவர் சொல்வது சம்பளம் பேசும்போது. மனிதனுக்காக வருந்தும் எழுத்தாளரும் அவனுக்குக் குறைத்துக் கொடுக்கும் முதலாளியும் ஒரே வாக்கியத்தைப் பேசினால், அந்த வாக்கியத்தைச் சந்தேகப்பட வேண்டாமா?

நான் சி.என்.சி. மெஷின்களுக்கு புரோகிராம் எழுதிக் கொடுக்கும் எஞ்சினியர். ஏர்கண்டிஷன் அறையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். அந்த வாக்கியம் பொய் என்று சொல்ல எனக்கு ஓரளவு தகுதி இருக்கிறது.

மெஷினுக்கு என்ன தெரியும்? வெட்டப்போகிற இரும்புத் துண்டு எங்கே இருக்கிறது என்பதே அதற்குத் தெரியாது. என் புரோகிராமில் ஜி54 என்று ஒரு வரி வரும். 'பூஜ்யம் இங்கே இருக்கிறது' என்று அர்த்தம். எங்கே என்பதை நான் எழுதுவதில்லை. துண்டை வைஸில் பிடித்து, டயல் கேஜை ஓட்டிப் பார்த்து, விளிம்பைத் தொட்டு அந்த எண்ணைப் போடுபவர் ஆப்பரேட்டர். அரை மில்லிமீட்டர் தவறினால் என் அழகான புரோகிராம் அழகாகக் குப்பையை வெட்டித் தள்ளும். திரையில் எல்லாம் வெண்ணெய் மாதிரி ஓடும். கீழே கட்டர் அதிரும். அந்தச் சத்தத்தைக் கேட்ட மாத்திரத்தில் வேகக் குமிழை 100-லிருந்து 70-க்குத் திருப்புகிற கை ஒன்று இருக்கிறது. என் புரோகிராமுக்கு அந்தக் காது இல்லை.

அளவு விஷயத்துக்கு வருவோம். உலகத்தில் உள்ள எஞ்சினியரிங் வரைபடங்களில் எழுதிய அளவுகள் எல்லாம் 20 டிகிரி செல்சியஸில்தான் செல்லும். 1931-லிருந்து இதுதான் சர்வதேச வழக்கம். காப்பாரில் தகரக் கூரைக்குக் கீழே மத்தியானம் 20 டிகிரி எங்கிருந்து வரும்? 33 என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 மில்லிமீட்டர் அலுமினியம் அந்த 13 டிகிரி வித்தியாசத்தில் ஏறக்குறைய 30 மைக்ரான் வீங்கும். அந்த விட்டத்தில் எச்7 என்று குறிக்கப்பட்ட துளைக்கு அனுமதிக்கப்படும் மொத்த விலகலே 35 மைக்ரான்தான். ஊர் வெயில் மட்டுமே அதை முக்கால்வாசிக்கு மேல் தின்றுவிடுகிறது. இன்னொரு சிக்கலும் உண்டு. அளக்கிற மைக்ரோமீட்டர் எஃகு. அதுவும் வீங்கும், ஆனால் அலுமினியத்தில் பாதி அளவுக்குத்தான். ஆகவே கருவி காட்டுவதும் முழு உண்மை இல்லை, முழுப் பொய்யும் இல்லை. பத்து வருடம் நின்ற ஆப்பரேட்டரிடம் கேட்டால் இந்தக் கணக்கைச் சொல்லமாட்டார். "காலையில ஒரு அளவு, மத்தியானம் ஒரு அளவு, தண்ணி ஊத்தி ஆறவெச்சிட்டுத்தான் அளக்கணும் பாஸ்" என்பார். கணக்கும் அதையேதான் சொல்கிறது.

சிப்பாங்கில் தேசிய அளவியல் கழகம் இருக்கிறது. ஒளி ஒரு நொடியில் 299,792,458 மீட்டர் போகும் என்ற கணக்கிலிருந்து மீட்டர் பிறக்கிறது. அந்த மீட்டர் இப்படிப்பட்ட ஆய்வுக்கூடங்கள் வழியாக, அளவுக் கட்டைகள் வழியாக, சான்றிதழ்கள் வழியாகப் பட்டறைக்கு வந்து சேர்கிறது. கவித்துவமான சங்கிலிதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அதன் கடைசிக் கண்ணி ஒரு மனிதரின் கட்டைவிரல். மைக்ரோமீட்டரை எவ்வளவு அழுத்தித் திருகுவது, எப்போது நிறுத்துவது, கைச்சூடு ஏறாமல் எப்படிப் பிடிப்பது என்று அந்த விரலுக்குத் தெரியவேண்டும்.

இந்த மனிதரை அழித்துவிடலாம் என்ற ஆசை புதிதல்ல. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் மெஷினைத் தானாக ஓட்ட இரண்டு வழிகள் இருந்தன. தேர்ந்த தொழிலாளி முதல் துண்டைச் செய்ய, அவர் கை அசைவை மெஷின் பதிவுசெய்து திரும்பச் செய்வது ஒன்று. ஆபீஸில் உட்கார்ந்தவர் எண்களாக எழுதி, துளையிட்ட நாடாவில் கொடுப்பது இன்னொன்று. விமானப்படையின் பணம் இரண்டாவதற்குப் போனது. 1952-ல் எம்.ஐ.டி. அதைச் செய்து காட்டியது. நான் இன்று எழுதும் புரோகிராம்கள் அதன் வம்சம். இது வெறும் தொழில்நுட்பத் தேர்வு இல்லை, பட்டறைத் தளத்திலிருந்து அதிகாரத்தைப் பிடுங்கும் விருப்பமும் அதில் இருந்தது என்று டேவிட் நோபிள் 1984-ல் ஒரு புத்தகமே எழுதினார். எழுபது வருடம் ஆகிவிட்டது. காப்பாரில் இன்னமும் கட்டர் தேய்கிறது, இன்னமும் ஒருவர் நின்று ஆஃப்செட் திருத்துகிறார். அதிகாரம் மேலே போனது நிஜம். அறிவு கீழேயேதான் இருக்கிறது. அதற்குரிய சம்பளம் மட்டும் கீழே வரவில்லை.

எதிர்த்தரப்பும் ஒன்று இருக்கிறது, அவர்களையும் விடமுடியாது. கண்காட்சிக் கூடாரத்தில் 3டி பிரிண்டர் வைத்து, சாவிக்கொத்து அச்சடித்து, 'நம் பிள்ளைகளின் எதிர்காலம்' என்று பேனர் கட்டுபவர்கள். பிள்ளைகள் பார்க்கட்டும், நல்லதுதான். ஆனால் நைலான் இழையை இந்த ஊர்க் காற்றில் திறந்து வைத்தால் ஈரம் குடித்துவிடும், அச்சில் குமிழ் குமிழாக வரும் என்று யாரும் சொல்வதில்லை. உலோகத்தில் அச்சடித்த பாகமாக இருந்தாலும் பொருந்தவேண்டிய முகங்களைப் பெரும்பாலும் மறுபடி மெஷினில் ஏற்றி வெட்டி, அளந்துதான் அனுப்புகிறார்கள். மந்திரம் என்கிறவருக்கும் அரக்கன் என்கிறவருக்கும் அந்த அளக்கிற ஆள் கண்ணில் படுவதில்லை.

நம் எழுத்தாளர்களுக்குக் கருவியைப் பற்றி எழுதத் தெரியாது என்று நான் சொல்லவில்லை. தோட்டத்துக் கதைகளில் பால்வெட்டுக் கத்தி உயிரோடு இருக்கிறது. 30 டிகிரி சாய்வில் பட்டையைச் சீவிக்கொண்டு போய், உள்ளே இருக்கும் வளர்படலத்துக்கு ஒரு மில்லிமீட்டர் முன்னால் கை நிற்கவேண்டும். இருட்டில், கொசுக்கடியில். கொஞ்சம் ஆழம் போனால் மரம் புண்ணாகும், புதுப்பட்டை முண்டு முண்டாக வளரும். அந்தப் பாட்டிகளைத் துரைமார் 'கூலி' என்று ஏட்டில் எழுதினார்கள். அது திறமை என்று நாம் அறிந்திருப்பதில் நம் இலக்கியத்துக்கும் பங்கு உண்டு. அதே இலக்கியம் பேரனைப் பார்த்து பட்டன் அமுக்குறவன் என்கிறதே, அதைத்தான் கேட்கிறேன்.

பேரன்கூட எதற்கு. செந்தூல் ரயில்வே பட்டறையில் தமிழர்கள் தலைமுறைகளாக பிட்டராகவும் டர்னராகவும் நின்றார்கள். ஜப்பான்காரன் காலத்தில், 1945-ல், பி-29 விமானங்கள் தேடி வந்து குண்டு போட்ட இடம் அது. அது நின்றால் ரயில் நிற்கும் என்று ஆகாயத்தில் பறந்தவனுக்குத் தெரிந்திருந்தது. பிறகு வேலை பத்து காஜாவுக்குப் போனது. இன்று செந்தூலில் நாம் நாடகம் பார்க்கப் போகும் நிகழ்கலை மையமே பழைய ரயில்வே கட்டடத்தில்தான் இருக்கிறது. அங்கே எத்தனை முறை காப்பி குடித்திருப்போம்! நம் புனைவில் லேத் ஓடும் ஒரு பக்கத்தைத் தேடினால் எனக்குச் சட்டென்று அகப்படவில்லை. ரப்பர் மரம் மட்டும் எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கிறது.

எழுதாவிட்டால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். பட்டன் அமுக்குறவனுக்கு அது போதும் என்று எல்லோரும் நம்பியாகிவிட்டது, அவனும் நம்பிவிட்டான். காப்பார் சாலையில் கேட்டுக்குக் கேட்டு துணி பேனர் தொங்குகிறது: ஆப்பரேட்டர் தேவை, அனுபவம் தேவையில்லை. உள்ளே போனால் முதல் வேலையாக மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு மைக்ரோமீட்டரை எடுத்துக் கையில் கொடுத்து, "இத படி" என்கிறார்கள்.